மூன்று பேணித் தண்ணீர்

டார்லிங்டன், இங்கிலாந்து
2024 மே 6

அன்புள்ள அக்காவுக்கு,

கர்த்தருடைய கிருபையில் நான் இங்கே நடமாடித் திரிகிறேன். உங்கள் சுகம் எப்படி? தொலைபேசியில் கேட்டால் நீங்கள் "ஆ? என்ன?" என்கிறீர்கள். நான் கத்தக் கத்தப் பக்கத்து வீட்டுக்காரன் சுவரில் தட்டுகிறான். செய்தி அனுப்பலாமென்றால், நிஷானி வாங்கித் தந்த கைத்தொலைபேசியை மேசை லாச்சிக்குள் பூட்டி வைத்திருக்கிறீர்களாம். ஆகவே பழையபடி தபால்காரன்தான் எங்களுக்குக் கதி.

இத்துடன் ஒரு பொதி வருகிறது. திறந்து பார்த்துவிட்டு, "என்னடா இது, மாட்டுக்கு வைக்கிறதோ?" என்று கேட்கவேண்டாம். அது காஞ்சோண்டி இலை. ஓம், பட்டால் தடித்துத் தடித்துச் சொறியுமே, அதேதான். எட்டு வயதில் நான் தேவாலய மதிலால் குதித்துக் காஞ்சோண்டிப் பற்றைக்குள் விழுந்ததும், நீங்கள் அடுப்புச் சாம்பலை உடம்பெல்லாம் பூசி என்னைப் பேய்க்கோலத்தில் வீட்டுக்குக் கூட்டிப் போனதும் மறந்திருக்கமாட்டீர்கள்.

எங்கள் வீட்டுக்குப் பின்னால் ஒரு சிற்றாறு ஓடுகிறது. கரை முழுக்க இந்தச் செடி. ஒரு வெள்ளைக்கார மனுஷி றப்பர் கையுறை போட்டுக்கொண்டு பறித்துக்கொண்டிருந்தாள். விசாரித்தேன். நுனித் தளிரை மட்டும் கிள்ளி, நிழலில் காயவைத்து, தேத்தண்ணி போலக் குடிப்பதாம். கை கால் உளைவுக்கு நல்லதாம், அசதிக்கும் நல்லதாம். அடுத்த நாளே நானும் ஒரு சோடிக் கையுறை வாங்கினேன். நிமலினி கர்த்தரிடம் போன பிறகு, அக்கா, நான் அலாரம் வைத்து எழும்பியது அன்றைக்குத்தான்.

ஒரு தேத்தண்ணிப் பேணி அளவு கொதிதண்ணீருக்கு ஒரு தேக்கரண்டி இலை. பத்து நிமிடம் மூடி வைக்கவேண்டும். காலையில் இரண்டு பேணி, பின்னேரம் இரண்டு பேணி குடியுங்கள். ருசி எப்படியென்று மறக்காமல் எழுதுங்கள்.

உங்கள் அன்புத் தம்பி,
நதானியேல்


உடுப்பிட்டி
2024 ஜூன் 2

என் அன்புத் தம்பி நதானியேலுக்கு,

இயேசுவின் நாமத்தில் வாழ்த்து. நான் சுகம். உன் சீனி வருத்தம் எப்படி இருக்கிறது, நேரத்துக்குச் சாப்பிடுகிறாயா என்பதையெல்லாம் எழுதாமல் விட்டுவிட்டாய்.

பொதி பழுதில்லாமல் வந்தது. முப்பத்திரண்டு வருடம் பிள்ளைகளுக்குத் தாவரவியல் படிப்பித்தவளுக்கு நீ காஞ்சோண்டி படிப்பிக்கிறாய். நீ அனுப்பியது ஒரு குடும்பம், எங்கள் வேலிக் காஞ்சோண்டி வேறு குடும்பம். இரண்டுக்கும் உள்ள சொந்தம் சொறிச்சல் மட்டும்தான். ஆனாலும் நன்றாகக் காயவைத்திருக்கிறாய், பச்சை மாறவில்லை. நூற்றுக்குத் தொண்ணூறு போடலாம்.

அதற்காக இனி மினைக்கெடாதே, ராசா. இங்கே மல்லி இருக்கிறது, வேர்க்கொம்பு இருக்கிறது. வேலியோரம் ஆவரசு பூத்துக் கொட்டுகிறது. தொட்டியடியில் வல்லாரை படர்ந்து கிடக்கிறது. முற்றத்து மல்லிகைக்கு மணமில்லை என்று நினைக்கிறவள் நானில்லை. வயது போன நேரத்தில் நான் தண்ணீர் குடிப்பதும் குறைவு. நீ பறித்து நீயே குடி. எனக்கு அனுப்பவேண்டாம்.

சபையில் எல்லோரும் உன்னைக் கேட்டார்கள். உனக்காக மன்றாடுகிறேன்.

அன்பு அக்கா,
தேவகுமாரி


மஞ்செஸ்ரர்
2024 ஜூன் 29

அன்புள்ள மாமி,

நீங்கள் சுகமா? நான் நிஷானி. சனிக்கிழமைப் பள்ளிக்கூடத்தில் படித்த தமிழ் இது. பிழை இருந்தால் சிவப்பு மை பாவிக்காதீர்கள். அப்பாவுக்குத் தெரியாமல் எழுதுகிறேன்.

"அனுப்பவேண்டாம்" என்று நீங்கள் எழுதிய நாளில் இருந்து அப்பா ஆற்றங்கரைக்குப் போகவில்லை. கையுறையைக் குப்பை வாளியில் போட்டுவிட்டார். திரும்பவும் பகல் முழுக்கக் கட்டிலில் கிடக்கிறார்.

மாமி, உங்களுக்கு நாங்கள் ஒரு விஷயத்தை மறைத்துவிட்டோம். அம்மா இறந்த பிறகு ஒரு வருடத்துக்கு மேல் அப்பா அப்படித்தான் கிடந்தார். இரண்டு வருடம் அம்மாவின் கட்டிலடியில், ஆஸ்பத்திரிக் கதிரையில் இருந்தவர். அம்மா போன பிறகும் அவர் அந்தக் கதிரையிலேயே இருக்கிற மாதிரித்தான் எனக்குப் பட்டது. குளிக்கச் சொல்லுவதற்கே நான் இங்கிருந்து இரண்டு மணித்தியாலம் கார் ஓடிப் போவேன். அவரை வெளியே கொண்டுவந்தது அந்த இலைதான். "அக்காவுக்கு வேணும்" என்று சொல்லித்தான் சப்பாத்துப் போட்டார்.

நீங்கள் குடிக்கிறீர்களோ கொட்டுகிறீர்களோ, எனக்குத் தேவையில்லை. "வேணும்" என்று மட்டும் எழுதுங்கள். கெஞ்சிக் கேட்கிறேன்.

இப்படிக்கு,
நிஷானி


உடுப்பிட்டி
2024 ஜூலை 18

என் செல்லப் பிள்ளை நிஷானிக்கு,

கர்த்தர் உன்னை ஆசீர்வதிப்பாராக. உன் தமிழில் பிழை மூன்றுதான். சிவப்பு மை எடுக்கவில்லை.

நீ மருந்துக்கடையில் வேலை செய்கிறவள் என்பதால் உனக்குச் சுற்றி வளைக்காமல் எழுதுகிறேன். என் இரண்டு சிறுநீரகமும் கைவிட்டுவிட்டன. தை மாதம் தொடக்கம் செவ்வாயும் வெள்ளியும் ஆஸ்பத்திரியில் நாலு மணித்தியாலம் இரத்தம் சுத்திகரிக்கிறார்கள். நாளொன்றுக்கு மூன்று பேணித் தண்ணீருக்கு மேல் நான் குடிக்கக்கூடாது. சோற்றுக்கு விடும் சொதியும் அந்த மூன்றுக்குள் அடக்கம். இலைக் குடிநீர், மல்லித்தண்ணீர் ஒன்றும் வாயில் வைக்கக்கூடாது. அவற்றில் உள்ள பொட்டாசியம் நெஞ்சை நிறுத்திவிடும் என்று டொக்டர் சொன்னார். அதை நானே பிள்ளைகளுக்குக் கரும்பலகையில் எழுதிப் போட்டிருக்கிறேன். வேலியில் ஆவரசு பூக்கிறது, பிள்ளை. நான் நாக்கு வரள வரளப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

உன் அப்பா நாலு பேணி குடிக்கச் சொல்லி எழுதியிருக்கிறான்.

அவனுக்கு இதைச் சொல்லாதே. சொன்னால் கிடைக்கிற முதல் விமானத்தில் வந்து, என் கட்டிலடியில் இன்னொரு ஆஸ்பத்திரிக் கதிரையில் இருந்துவிடுவான். சீனி வருத்தத்தோடு, தன் சிறுநீரகத்தைத் தருகிறேன் என்றும் நிற்பான். மனுசிக்குக் காவல் இருந்து பறிகொடுத்தவன் அக்காவுக்கும் காவல் இருப்பதைப் பார்க்க எனக்குப் பெலனில்லை.

அவன் இன்னும் கொஞ்சம் நிமிரட்டும். அடுத்த ஈஸ்ரருக்கு இங்கே வரச் சொல்லி எழுதுகிறேன். வந்ததும் பக்கத்தில் இருத்தி, கையைப் பிடித்துக்கொண்டு நானே சொல்லுவேன். அதுவரைக்கும் நீ வாய் திறக்கக்கூடாது. வாக்குத் தா.

இலையை நான் கொட்டவில்லை. என்னை ஏற்றி இறக்கும் ஓட்டோக்காரக் கேதீஸ்வரன் நாலு மணித்தியாலமும் வெளியே மர வாங்கில் குந்திக் காவல் இருப்பான். போன வெள்ளிக்கிழமை பிளாஸ்கில் ஊற்றி அவனுக்குக் கொடுத்துப் பார்த்தேன். முகத்தைச் சுளித்தான். பிறகு, "இன்னும் கிடக்கோ ரீச்சர்?" என்று கேட்டான். பொய் சொன்ன பிள்ளைகளை முழங்காலில் விட்டவள் நான். இனி அவனுடைய சுகத்தை என் சுகமாக எழுதப் போகிறேன்.

அன்பு மாமி,
தேவகுமாரி


உடுப்பிட்டி
2024 ஜூலை 18

என் அன்புத் தம்பி நதானியேலுக்கு,

இயேசுவின் நாமத்தில் வாழ்த்து. நான் சுகம். நீயும் அப்படியே இருக்க மன்றாடுகிறேன்.

போன கடிதத்தில் அவசரப்பட்டு எழுதிவிட்டேன். ரீச்சர்மாருக்குப் புதுச் சாமான் எதுவும் முதலில் பிடிக்காது. உன் இலையை அதன் பிறகுதான் அவித்தேன். இப்போது பிளாஸ்கில் ஊற்றி வைத்தால் நாலு மணித்தியாலத்தில் முடிந்துவிடுகிறது. இன்னும் வேண்டும். இருக்கிறதை அனுப்பு.

பறிக்கப் போகும்போது முழுக்கைச் சேட்டுப் போடு. இந்த முறை சாம்பலோடு ஓடிவர நான் பக்கத்தில் இல்லை.

அன்பு அக்கா,
தேவகுமாரி


டார்லிங்டன்
2024 ஓகஸ்ற் 20

அன்புள்ள அக்காவுக்கு,

கர்த்தருக்குத் தோத்திரம். நான் நல்ல சுகம், நானும் இந்த இலையைத்தான் குடிக்கிறேன், சீனியும் குறைந்திருக்கிறது. உங்கள் கடிதத்தை மூன்று தரம் வாசித்தேன். குப்பை வாளியில் இருந்து ஒரு சாமானைத் திருப்பி எடுக்கவேண்டி வந்தது, அது என்னவென்று சொல்லமாட்டேன்.

வெட்டிவிட்ட செடிகள் திரும்பத் தளிர்த்திருக்கின்றன. காயவைக்க இடம் போதவில்லை. நிமலினி தைக்கிற அறையை நான் இவ்வளவு நாளும் பூட்டியே வைத்திருந்தேன். போன கிழமை திறந்தேன். அவளுடைய தையல் மேசை முழுக்க இப்போது காஞ்சோண்டி. யன்னலையும் திறந்துவிட்டேன். கொஞ்ச நேரம் அழுதேன். பிறகு இலையைப் பிரட்டிவிட்டேன்.

இத்துடன் மூன்று பைகள் வருகின்றன. எங்கே உளைவு குறைந்தது, நித்திரை எப்படி, சாப்பாடு எப்படி என்று ஒவ்வொன்றாக எழுதுங்கள். ருசியைப் பற்றி நீங்கள் இன்னும் ஒரு சொல்லும் எழுதவில்லை.

உங்கள் தம்பி,
நதானியேல்


உடுப்பிட்டி
2024 நவம்பர் 3

என் அன்புத் தம்பி நதானியேலுக்கு,

இயேசுவின் நாமத்தில் வாழ்த்து. நான் சுகம். பதில் பிந்திவிட்டது. மழை, தபாலும் பிந்துகிறது, வேறொன்றுமில்லை.

நீ கேட்டபடி அறிக்கை: நெடுக இருந்து இருந்து வந்த முதுகு உளைவு முக்கால்வாசி போய்விட்டது. பகலில் கண்ணைச் சொருகும் அலுப்பு இல்லை. மத்தியானம் நன்றாகப் பசிக்கிறது. வெத்திலை போடுகிற எண்ணமும் குறைந்திருக்கிறது.

தம்பி, வருகிற ஈஸ்ரருக்கு இங்கே வாவேன். ஏப்ரல் இருபதாம் திகதி வருகிறது. நிமலினி இல்லாமல் இந்த வீட்டுப் படியேற உனக்கு மனமில்லை என்று தெரியும். ஆனாலும் வா. உன்னோடு நேரே இருந்து கதைக்கவேண்டிய கதை ஒன்று இருக்கிறது. எழுதுகிற கதை இல்லை.

அன்பு அக்கா,
தேவகுமாரி


டார்லிங்டன்
2024 நவம்பர் 30

அன்புள்ள அக்காவுக்கு,

நான் சுகம், குளிர்தான் எலும்புக்குள் போகிறது. உங்கள் சுகத்தை வாசித்துச் சிரித்துச் சிரித்து வயிறு நொந்துவிட்டது. வெத்திலையா? எங்கள் அம்மா கலியாண வீட்டில் ஒரு வாய் வெத்திலை போட்டதற்கு ஒரு கிழமை கதைக்காமல் இருந்தவர் நீங்கள். எப்போது தொடங்கினீர்கள்? போதகருக்குத் தெரியுமா?

இன்னொன்று. நெடுக இருந்து வரும் அந்த முதுகு உளைவு டிரைவர்மாருடைய வருத்தம். முப்பது வருடம் பஸ் ஓடியவன் சொல்கிறேன். கரும்பலகைக்கு முன்னால் நின்று படிப்பித்த உங்களுக்கு அது எப்படி வந்தது? எப்படியோ, போனால் சரி. எழுத்து மட்டும் ஏன் வரியை விட்டுச் சரிந்து சரிந்து போகிறது? மூக்குக் கண்ணாடியை மாற்றுங்கள்.

ஈஸ்ரருக்குக் கட்டாயம் வருகிறேன். அந்தக் கதையை அதுவரை பத்திரமாக வைத்திருங்கள்.

உங்கள் தம்பி,
நதானியேல்


டார்லிங்டன்
2025 மார்ச் 15

அன்புள்ள அக்காவுக்கு,

கர்த்தருடைய கிருபையில் நான் சுகம். பாலன் இயேசு படம் போட்ட உங்கள் நத்தார் வாழ்த்து கிடைத்தது. இரண்டு வரிதான் எழுதியிருந்தீர்கள், வேலை கூடப் போலும்.

கோபிக்கவேண்டாம், ஈஸ்ரருக்கு வரமுடியாமல் இருக்கிறது. இந்த வருடம் குளிர் விடப் பிந்திவிட்டது. காஞ்சோண்டி ஏப்ரலில்தான் தளிர்விடும், மே கடைசியில் பூத்துவிடும். பூத்த பிறகு பறித்தால் அந்த இலை சிறுநீரகத்துக்குக் கூடாதாம். அந்த வெள்ளைக்கார மனுஷி திரும்பத் திரும்பச் சொன்னாள். உங்களுடைய வயதில் சிறுநீரகத்தோடு விளையாட முடியுமா? நான் ஏப்ரலில் அங்கே வந்து நின்றால் நல்ல தளிர் எல்லாம் முற்றிப் போய்விடும். வெட்டிவிட்டால் பிறகு தளிர்ப்பது வருடம் முழுக்க உங்களுக்குப் போதாது. இவ்வளவு சுகம் கண்ட பிறகு அதை விடலாமா?

ஆகவே ஜூலை 14ஆம் திகதிக்கு விமானச்சீட்டு எடுத்துவிட்டேன். ஒரு வருடத்துக்குக் காணும் இலையோடு வருகிறேன். நிஷானிக்கு என்ன பிடித்ததோ தெரியவில்லை. "இலையை விட்டிட்டுப் போங்கோ அப்பா" என்று போனில் கத்தினாள். ஏனென்று கேட்டால் அழுகிறாள். அவளுக்கு இந்த இலையின் அருமை எங்கே தெரியும்?

மூன்று மாதம்தானே, அக்கா.

உங்கள் தம்பி,
நதானியேல்


உடுப்பிட்டி
2025 ஏப்ரல் 21

என் அன்புத் தம்பி நதானியேலுக்கு,

உயிர்த்தெழுந்த ஆண்டவருக்குள் வாழ்த்து.

நேற்று ஆராதனைக்குப் பிறகு உன் இலையைக் குடித்தேன். முதலில் காய்ந்த புல் மணம். பிறகு கீரை அவித்த தண்ணீர் போல. கடைசியில் நாக்கில் மெல்லிய துரு. கசப்பில்லை. நல்லாயிருக்கிறது, தம்பி. உண்மையாகவே நல்லாயிருக்கிறது.

இலை இல்லாவிட்டாலும் பரவாயில்லை. நீ வா. முடிந்தால் ஜூலைக்கு முதல் வா.

அக்கா


நெல்லியடி
2025 ஜூன் 12

சிவமயம்

மதிப்புக்குரிய நதானியேல் ஐயாவுக்கு,

நான் கேதீஸ்வரன், தேவகுமாரி ரீச்சரை ஓட்டோவிலை ஏத்தி இறக்கினவன். உங்கடை சுகத்தைக் கேக்க எனக்கு வாய் வரேல்லை. எழுதிப் பழக்கமில்லை ஐயா, கதைக்கிற மாதிரித்தான் எழுதிறன்.

ரீச்சர் மே மாசம் இருபத்தேழாந் திகதி போய்ச் சேந்ததை உங்கடை மகள் உங்களுக்குச் சொன்னவவாம். ரீச்சருக்கு என்ன வருத்தமெண்டதையும் அண்டைக்குத்தான் சொன்னவவாம். போதகருக்கு ரெலிபோன் எடுத்து அழுதவ. நீங்கள் அண்டு தொடக்கம் கதவைப் பூட்டிக்கொண்டு கிடக்கிறியளெண்டும் சொன்னவ. அதாலைதான் எழுதிறன்.

ஐயா, அந்தத் தேத்தண்ணி முழுக்கக் குடிச்சது நான்தான். பத்து மாசம், செவ்வாயும் வெள்ளியும், ஆஸ்பத்திரி வாங்கிலை இருந்து குடிச்சனான். முதுகு உளைவு என்ரை. வெத்திலையும் என்ரைதான். ரீச்சர் வெளியிலை வந்த உடனை, "இண்டைக்கு என்னடா சுகம், சொல்லு, எழுதவேணும்" எண்டு கேப்பா. அவவுக்குக் காது கேளாதெல்லே, நான் கத்திச் சொல்லுவன். முழு ஆஸ்பத்திரிக்கும் என்ரை முதுகு தெரியும். அவ சிரிப்பா. அதுக்காகவே சிலநேரம் ரெண்டு வருத்தத்தைக் கூட்டிச் சொன்னனான். அதுக்கும் என்னை மன்னிக்கவேணும்.

நீங்கள் ஈஸ்ரருக்கு வரேல்லை எண்டு கடிதம் வந்த அண்டு அவ அதை ஓட்டோவிலை இருந்து ரெண்டு தரம் வாசிச்சா. இறங்கேக்கை, "நான் கெட்டித்தனமாப் பொய் எழுதிப்போட்டன் கேதீஸ்" எண்டா.

ஈஸ்ரர் அண்டு கோயிலாலை கூட்டிக்கொண்டு வந்தனான். வீட்டு வாசலிலை, "பிளாஸ்க்கிலை கிடக்கோ? ஒரு வாய் தா" எண்டு கேட்டா. நான் மாட்டனெண்டன். "இண்டைக்குத் தண்ணி மூண்டு பேணியிலை ஒண்டைக் குறைக்கிறன்" எண்டா. "தம்பி ஒரு வருசமா ருசி கேக்கிறான். ஒருக்காலாவது அவனுக்கு உண்மை எழுதவேணும்" எண்டா. மூடிக்குள்ளை கொஞ்சம் ஊத்திக் குடுத்தன். ஒரு மிடறுதான். கண்ணை மூடிக்கொண்டு கனநேரம் வாய்க்குள்ளை வைச்சிருந்தா. அந்த ஒரு மிடறாலை ஒண்டும் நடக்கேல்லை எண்டு பிறகு டொக்டரிட்டை கேட்டுத் தெரிஞ்சுகொண்டனான். ஒரு மாசத்துக்குப் பிறகு நெஞ்சிலை தண்ணி கட்டித்தான் போனவ. நீங்கள் அதை நினைச்சு வருந்தக்கூடாது.

அவ போய் ஒரு கிழமையாலை உங்கடை பார்சல் வந்தது. "அக்கா, இது முதல் தளிர், மிச்சத்தோடை ஜூலையிலை வாறன்" எண்டு துண்டு வைச்சிருக்கிறியள். அது என்னட்டைத்தான் கிடக்கு. குடிக்க மனம் வரேல்லை. ஆனா ஐயா, முதுகு திரும்ப உளையத் தொடங்கியிட்டுது. நான் குடிக்கலாமோ எண்டு கேக்கத்தான் எழுதினனான்.

இப்படிக்கு,
க. கேதீஸ்வரன்


டார்லிங்டன்
2025 ஜூலை 1

தம்பி கேதீஸ்வரனுக்கு,

கடிதமென்றால் முதலில் "நான் சுகம்" என்று எழுதவேண்டும். அக்கா அப்படி எழுதி எழுதித்தான் என்னை ஏமாற்றினா. நான் உள்ளதை எழுதுகிறேன். எனக்குச் சுகமில்லை. ஒரு மாதமாகப் படுத்திருந்தேன். உம்முடைய கடிதத்தை நிஷானி கதவுக்குக் கீழால் தள்ளிவிட்டாள்.

உம்மோடு கோபமில்லை என்று எழுதினால் அதுவும் பொய். உமக்குத் தெரியும், நிஷானிக்குத் தெரியும், சபைக்குத் தெரியும், ஆஸ்பத்திரி வாங்கில் இருந்தவர்களுக்கெல்லாம் தெரியும். எனக்கு மட்டும் தெரியாது. எல்லோரும் எனக்காகத்தான் செய்தார்கள். ஒருவரும் என்னைக் கேட்கவில்லை. என் மனுசி நிமலினியின் கட்டிலடியில் இருந்த இரண்டு வருடமும் எனக்குத் தண்டனை என்று அக்கா நினைத்துவிட்டா. அவளுக்கு வாய் துடைத்து, கால் பிடித்து, பைபிள் வாசித்த அந்த இரண்டு வருடத்தைப் போல ஒரு காலம் எனக்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை. அந்தக் கதிரை காலியானதுதான் என்னைக் கட்டிலில் போட்டது. அக்கா ஒரு வரி எழுதியிருந்தால் ஓடி வந்திருப்பேன்.

எழுதினா. "முடிந்தால் ஜூலைக்கு முதல் வா" என்று எழுதினா. நான் அப்போது ஆற்றங்கரையில் அவவுக்குக் காஞ்சோண்டி கிள்ளிக்கொண்டு நின்றேன். அக்கா மரியாதைக்கு எழுதுகிறா என்று நினைத்தேன்.

ருசி எழுதிய அந்தக் கடிதத்தைத் திரும்ப எடுத்து வாசித்தேன். மெல்லிய துரு என்று எழுதியிருக்கிறா. நானும் நேற்று ஒரு பேணி போட்டுக் குடித்துப் பார்த்தேன். சரிதான், கடைசியில் துருப்போல ஒன்று இருக்கிறது. ஒரு வருடம் குடித்தும் எனக்குப் பிடிபடவில்லை.

இலையை நீர் குடியும். பிளாஸ்கை நல்லாக் கழுவும், நாள் பட்டால் மணக்கும். முதுகு எப்படியென்று எனக்கு எழுதும். உளைந்தால் உளைகிறதென்றே எழுதும். அக்காவைப் போல எழுதவேண்டாம்.

விமானச்சீட்டை நான் மாற்றவில்லை. பதினைந்தாம் திகதி வந்து இறங்குவேன், அது செவ்வாய்க்கிழமை. நேரே சேமக்காலையில் அக்காவின் கல்லறைக்குக் கூட்டிப் போகவேண்டாம். முதலில் ஆஸ்பத்திரிக்குப் போவோம். எந்த வாங்கென்று காட்டும். நாலு மணித்தியாலம் அதில் இருக்கவேண்டும். பிறகு அக்காவிடம் போவோம். பிளாஸ்கைக் கொண்டுவாரும், பேணி இரண்டு போதும்.

நதானியேல்